மோட்டார் ரூமுக்குப் பின்னால ஒரு முக்கோணம்

தொண்ணூறு டிகிரி தெரியும்னு கேமராப் பெட்டியில போட்டிருக்கான். போடுதவனுக்கு என்ன, போட்டுட்டுப் போயிருவான், எலுமிச்சை நிழல்ல கிராப் பேப்பரையும் பாகைமானியையும் மடியில வச்சுக்கிட்டுக் கோடு போடுதவளுக்குல்லா தெரியும் தொண்ணூறு எம்புட்டுன்னு. கேட் தூண்ல ஒண்ணு. அதுல சந்தேகமே இல்ல. ஒம்பதடி ஒயரம் போதும், அதுக்கு மேல வச்சா வாரவன் மண்டைதான் தெரியும், களவாணி மண்டையில நான் என்ன பேன் பாக்கவா போறேன்? ரெண்டாவது வீட்டு மாடிச் சுவர்ல, மேக்க பாத்து, பன்னி எறங்குற வேலியோரமா. மூணாவது இருக்கே, அந்தச் சவத்தைத்தான் காலையிலருந்து தூக்கிக்கிட்டு அலையுதேன். ஏ ஆவுடை, முப்பத்தோரு வருசம் கேர்ள்ஸ் ஸ்கூல் லேப்ல குவிலென்சும் மெழுகுவத்தியும் எடுத்து வச்சவளுக்கு மூணு கேமராவுக்குக் கோடு போட வரலையா? லேப் அசிஸ்டென்ட்தான் நான், டீச்சர் இல்ல, ஆனா பிசிக்ஸ் டீச்சருக்குக் கை நடுங்குதப்பல்லாம் போர்டுல கதிர்ப்படம் போட்டது யாரு? கோடு நேராத்தான் போகும், குறுக்க ஒண்ணு நின்னா அதுக்குப் பின்னால நிழல், அம்புட்டுதானே கதை. கேட் கேமராவுக்குத் தொழுவம் மறைக்கும். மாடிக் கேமராவுக்கு மோட்டார் ரூம் மறைக்கும். மூணாவதை எங்க வச்சா இந்த நிழல்லாம் போகும்னு பாக்கணும். மொதத்தாள்ல தொழுவத்துக்கிட்ட வச்சேன். ரெண்டாந்தாள்ல கெணத்து மேட்டுல வச்சேன். இது மூணாந்தாள், இதுல கெழக்கு வேலியில வச்சிருக்கேன். ரப்பர் வச்சு அழிச்சு அழிச்சுத் தாளு பஞ்சாப் போச்சு.

ஞாயித்துக்கிழமைக்குள்ள மூணும் ஓடணும்னுட்டா சுபாஷிணி. இன்னைக்கு வெள்ளி. "எம்மா, என் போன்ல நீ தெரியணும். இல்லன்னா காரைக் கொண்டுட்டு வந்து ஒன்னைப் பெங்களூருக்குத் தூக்கிட்டு வந்துருவேன். தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுரு." பெத்த தாயைத் தூக்கிட்டுப் போறாளாம், நான் என்ன தார்ப்பாயா? ஆனா அவ சொன்னாச் செய்வா. அவ அப்பா போன பொறவு எட்டு வருசமாச் சொல்லிச் சொல்லி ஓஞ்சவ, இப்பத்தான் இந்த ஒரு சமாதானத்துக்கு வந்திருக்கா. கேமரா இருந்தா நீ இருக்கலாம். கேமரா இல்லன்னா நீ இல்ல. மாட்டுறதுக்கு ஆள் அனுப்புதேன்னா. ஆள் எதுக்கு, ஆளு? முந்நூறு எலுமிச்சையை ஒத்தையில பாக்கேன், மூணு பெட்டியை மாட்ட மாட்டேனா, நானே பிளான் போட்டு நானே மாட்டுதேன்னேன். அவளுக்குப் பெருமை தாங்கல. எங்க அம்மா யாரு, சயின்ஸ் லேப்புன்னு அவ வீட்டுக்காரர்ட்ட சொல்லிச் சிரிச்சது எனக்குக் கேட்டுச்சு. ஆள் வந்தா அவன் இஷ்டத்துக்கு மாட்டுவான், நானா மாட்டுனா எது தெரியணும், எது தெரியக்கூடாதுன்னு எங்கையில இருக்கும். அதை அவட்ட சொல்லல. அவ வீட்டுலயும் ஒரு கேமரா இருக்கு, ஹால் மூலையில, ஆபீஸ் போனா நாய் என்ன செய்யுதுன்னு பாக்க. நாய்க்கு ஒண்ணு, அம்மைக்கு மூணு. நாயைவிட ரெண்டு மார்க் கூடத்தான் எனக்கு.

களவுக்காகன்னுதான் பேச்சு ஆரம்பிச்சது. கீழத்தோட்டத்துல மோட்டார் வயரை அறுத்துச் செம்புக்காக உரிச்சுட்டுப் போயிட்டானுவ, அதை நானே போன்ல வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்காமச் சொன்னேன். செம்பைப் பாக்கவா அவ கேமரா கேக்கா? என்னையப் பாக்கக் கேக்கா. காலையில வீட்டுக்காரரோட பழைய சட்டையைச் சேலைக்கு மேல மாட்டிக்கிட்டு தோட்டத்துல எறங்குற மயிலை வாய்க்கு வந்தபடி வையுறது, நின்னுக்கிட்டே சட்டியிலருந்து பழையதைத் திங்குறது, செவலைப் பசுட்ட நாட்டு நடப்பு பேசுறது, அவசரத்துக்கு வைக்கப்போருக்குப் பின்னால ஒதுங்குறது, எல்லாம் பெங்களூர்ல நாலாவது மாடியில ஒரு போன்ல ஓடும். மைக்கு வேற இருக்காம். வாய்தான் இங்கன எனக்குத் தொணை, அதுலயும் மண்ணு. அது கெடக்கட்டும், மக தானே, பாத்துட்டுப் போறா, அவ பாக்காத அம்மையா? மயிலை வையுறதைப் பாத்தாச் சிரிப்பா. அவ சிரிக்க முடியாத ஒண்ணும் இருக்குல்லா. சும்மா இரு ஆவுடை, கோட்டைப் போடு.

காலையில சொன்னபடி மூணு பெட்டிக்கும் அடியில ஒட்டியிருக்குற ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து அனுப்பிட்டேன். அவ அங்கருந்தே சேத்துருவாளாம், நான் சிம்மைப் போட்டு கரன்ட் குடுத்தாப் போதுமாம், நாலு மணி வரைக்கும் மீட்டிங், அதுக்குப் பொறவு பேசுதேன்னுட்டா. சிம் போட்ட கேமராவுக்குச் சிக்னல் வேணும். அதுக்காகப் போனை ஒசத்திப் பிடிச்சுக்கிட்டுத் தோட்டம் பூரா சுத்துனேன், பாத்தவன் கிறுக்குன்னு நெனைப்பான், பாக்கத்தான் ஆளில்லையே. கேட்ல ரெண்டு கோடு. மாடியில ரெண்டு கோடு, காத்தடிச்சா ஒண்ணு. தொழுவத்துல ஒண்ணுமேயில்ல. கெணத்து மேட்டுல சுத்துது சுத்துது, நிக்கவே மாட்டேங்கு. மோட்டார் ரூமுக்குப் பின்னால, தண்ணித் தொட்டிக்கு எதுக்க நிக்குற வேம்புக்கிட்டப் போனா நாலு கோடு, நெறைஞ்சு நிக்கு. ரூமுக்குள்ளயே பிளக் பாயின்ட் இருக்கு, பத்தடி வயர் இழுத்தாப் போதும். சிக்னலும் அங்க, கரன்ட்டும் அங்க, களவு போற வயரும் அங்க. சின்னப் பிள்ளைட்டக் கேட்டாலும் அங்கதான் வைக்கச் சொல்லும். அதான் வைக்கலையே. அங்க வேம்புல எறும்பு ஜாஸ்தி. அங்க தண்ணி தெறிக்கும். அங்க இலை அசைஞ்சு அசைஞ்சு சும்மா சும்மா அவ போன்ல மணி அடிக்கும். பாரேன், ஒரு எடத்துக்கு எத்தனை குத்தம் சொல்லுதேன், மாப்பிள்ளை பிடிக்காத பொண்ணு கணக்கா.

பெங்களூர்ல பன்னிரண்டு நாள் இருந்தேன் போன வருசம். கொறை சொன்னா நாக்கு அழுகிப்போகும், மாப்பிள்ளை தங்கமான பையன், அத்தை டீ, அத்தை போர்வைன்னு சுத்திச் சுத்தி வந்தாரு. எனக்குத்தான் கையை எங்க வைக்கன்னு தெரியல. காலையில எந்திரிச்சா ஒரு சோலி கெடையாது. பாத்திரம் கழுவப் போனா மிஷின் கழுவும்ங்கா. பால்கனியில தொட்டியில ஒரு கறிவேப்பிலை, அதுக்கு நாளைக்கு அஞ்சு தரம் தண்ணி ஊத்தி ஊத்தி வேரை அழுக வச்சேன். பதிமூணாவது நாள் பஸ்ஸுல எறங்கி கேட்டைத் தொறந்து எலுமிச்சை வாடை அடிச்சப்ப அழுதேன், ஆமா, அழுதேன், அறுபத்துநாலு வயசுல கேட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னு அழுதேன். இந்த மண்ணை விட்டுட்டு என்னால முடியாது. இங்க நான் ஆவுடையம்மா, அங்க சுபாஷிணியோட அம்மா, அதுவும் நல்ல பேருதான், ஆனா முழு நாளைக்கும் அது ஒண்ணையே வச்சுக்கிட்டு ஓட்ட முடியாதுல்லா. அதனாலதான் தெரியக்கூடாது. தெரிஞ்சா முடிஞ்சுது. காருதான்.

சரி, மறைச்சு மறைச்சு யாருட்ட மறைக்க, தன்னந்தனியா உக்காந்து தனக்குத்தானே மறைக்குறவ நான் ஒருத்திதான். விழுந்தேன். பத்தொம்பது நாளாச்சு. காலையில எட்டு மணி இருக்கும், தண்ணியை அடுத்த பாத்திக்கு மாத்திவிட மம்பட்டியோட போனேன், தொட்டியடியில பாசி, வலது கால் எங்கயோ போச்சு, இடுப்பு கல்லுல அடிச்சுது. வலிகூட மொதல்ல தெரியல, சத்தம்தான் கேட்டுச்சு, யாரோ விறகு போட்ட மாதிரி. போன் கட்டிலு மேல சார்ஜுல கெடக்கு. எந்திரிக்கப் பாத்தேன், காலு என் காலாவே இல்ல. சேலை தொடை வரைக்கும் ஏறிக் கெடக்கு, இழுத்துவிடக் கை எட்டல. கொஞ்ச நேரத்துல, எப்படின்னு தெரியல, நனைஞ்சுபோச்சு. தண்ணின்னு நெனைச்சேன், வாய்க்காத் தண்ணி இல்ல, சூடா இருந்துச்சு. மானம் போச்சேன்னு அப்பத்தான் அழுகை வந்துச்சு, விழுந்ததுக்கு வரல. ஒம்பதரைக்குச் சங்கையா வந்தான், பதினாலு வருசமா ரெண்டு வேளையும் செவலைட்டப் பால் கறந்து எடுத்துட்டுப் போறவன், அவன் டிவிஎஸ் சத்தம் ரெண்டு பர்லாங்குக்கு முன்னயே தெரியும். கேட்ல நின்னு, "டீச்சரம்மா!"ன்னான். நான் டீச்சர் இல்லன்னு சொல்லிச் சொல்லி விட்டுட்டேன். "டீச்சரம்மா, இருக்கியளா?" மூச்சைப் பிடிச்சுக்கிட்டேன். மாடு கத்துது, கன்னு கத்துது, நான் கத்தல. உள்ள வந்துராதப்பா, இந்தக் கோலத்துல பாத்துராதன்னு கண்ணை மூடிக்கிட்டேன். மூணாவது தரமும் கூப்பிட்டுப் பாத்துட்டு, ஊருக்குப் போயிருப்பாவ போலன்னு அவனா சொல்லிக்கிட்டு வண்டியை எடுத்துட்டான். சத்தம் தேஞ்சு, ஓடைப் பாலத்தைத் தாண்டி, ஒண்ணுமே கேக்காமப் போன பொறவு, "சங்கையா"ன்னேன். யாருக்குக் கேக்க, எனக்கே கேக்கல.

அதுக்கு அப்புறம் ஒண்ணரை மணி நேரம். வெயிலு ரூம் சுவத்தைத் தாண்டி முட்டியில விழுந்துச்சு, பொறவு வயித்துல, பொறவு மொகத்துல. எறும்பு கழுத்துல ஏறுச்சு. கீழத்தோட்டத்துப் பெரியவர் மாரடைப்புல கெடந்து ரெண்டு நாள் கழிச்சுத்தான் பாத்தாவ, அந்த நெனைப்பு வேற. பதினொரு மணிக்கு முழங்கையால ஊர்ந்து, சுவத்தைப் பிடிச்சு, எப்படியோ நின்னுட்டேன். நின்னதும் மொத வேலையா என்ன செஞ்சேன்? சேலையை அலசுனேன். இடுப்பு தெறிக்கு, அழுதுக்கிட்டே அலசிக் கொடியில போட்டுட்டுத்தான் படுத்தேன். சாயங்காலம் சங்கையா, "காலையில ஆளைக் காணமே?"ன்னான், கோயிலுக்குப் போயிருந்தேன்னேன். பொய் சொல்லுததுலயும் புண்ணியம் தேடுற புத்தி. சுபா வீடியோவுல, "என்னம்மா சாஞ்சு சாஞ்சு நடக்க?"ன்னா, முள்ளுன்னேன். அப்பத்தான் அவ மொகம் ஒரு மாதிரியாச்சு, மறுநாளே கேமராப் பேச்சு வந்துச்சு. அவளுக்கு மூக்கு வேர்த்திருக்கு, பெத்தவளுக்குத் தப்பாமப் பொறந்தவ. நான் என்னைய நானே கேக்காத நாளில்ல. ஏன் வாயைத் தொறக்கல? செத்திருந்தா? செத்துக் கெடந்தாலும் சங்கையாதான் வந்து பாத்திருப்பான், அப்ப மட்டும் சேலை எறங்கியிருக்குமா, மூதி?

இந்தா, மூணாந்தாளும் முடிஞ்சுது. மூணு கேமராவுக்கும் கோடு போட்டு, தெரியுற எடம் பூரா பென்சிலால தீட்டுனேன். தோட்டம் பூரா சாம்பலா இருக்கு. ஒரே ஒரு எடம் வெள்ளையா நிக்கு. மோட்டார் ரூமுக்குப் பின்னால, தொட்டியும் வாய்க்காலும், ஒரு முக்கோணம். மொதத்தாளை எடுத்துப் பாத்தேன். அதுலயும் அதே முக்கோணம். ரெண்டாந்தாள்லயும். கேமராவை மூணு எடத்துல மாத்தி மாத்தி வச்சும் நிழல் மட்டும் எடம் மாறலயே, எந்த பிசிக்ஸ்ல இருக்கு இது? நானே ஒளிச்சு வச்சிருக்கேன். மறுபடி விழுந்தா அங்கதான் விழுவேன், பாசி அங்கதானே இருக்கு, தண்ணி மாத்த அங்கதானே போகணும். மகளுக்குத் தெரியாம விழுறதுக்குன்னு ஒரு எடத்தைக் கோடு போட்டு ஒதுக்கியிருக்கேன், அதுவும் பாகைமானி வச்சு. இவ்வளவு பயமா எனக்கு? சாகுறதுக்கு இல்ல, நாலு பேர் பாக்குறதுக்கு.

எந்திரிச்சேன். யோசிச்சா உக்காந்துருவேன்னு தெரியும், அதனால யோசிக்கல. மூணாவது பெட்டியைக் கொண்டுபோய் வேம்புல, நெஞ்சு ஒயரத்துல பிரியுற கவையில வச்சுக் கயித்தால கட்டுனேன். வயரை ஜன்னல் வழியா விட்டுப் பிளக்குல சொருவுனேன். செவப்பு லைட்டு முழிச்சுது, கொஞ்சம் கழிச்சு நீலமாச்சு. என் போன்லயும் அந்த ஆப்பை மக போன வாரமே ஏத்திக் குடுத்திருந்தா. தொறந்தா, தோட்டம் தெரியுது, தொட்டி தெரியுது, சட்டையும் சேலையுமா ஒரு பொம்பள போனைக் குனிஞ்சு பாத்துக்கிட்டு நிக்கா. நின்னா தெரியுது. ஆனா நிக்குறவளை யாரு தேடப்போறா? உக்காந்து பாத்தேன். தெரியுது. கெடந்தா? தொட்டிச் சுவரு மறைக்குமோ? கோடு போட்டாத் தெரியாது, கெடந்துதான் பாக்கணும். அந்த எடத்துக்கு மனசு வரமாட்டேங்கு, காலு கூசுது. மெல்ல கையை ஊனி, இடது பக்கமாச் சரிஞ்சு, படுத்தேன். கல்லு அதே கல்லு. போனை மொகத்துக்கு நேர பிடிச்சா, அதுல நான் இன்னும் உக்காந்துக்கிட்டு இருக்கேன். நாலஞ்சு நொடி பிந்தித்தான் படம் வருது. பொறவு போன்ல இருந்தவ கையை ஊனுனா, சரிஞ்சா, படுத்தா. நான் அவளைப் பாத்தேன். சேலை முட்டி வரைக்கும் ஏறிக் கெடக்கு. அசிங்கமா ஒண்ணுமே தெரியல எனக்கு. வயசான பொம்பள ஒருத்தி கீழ கெடக்கா, அம்புட்டுதான். சங்கையா அன்னைக்கு உள்ள வந்திருந்தா இதைத்தான் பாத்திருப்பான். ஓடி வந்து தூக்கியிருப்பான். யாரா இருந்தாலும் தூக்கியிருப்பாவ. எனக்கே இவளைத் தூக்கணும் போல இருக்கு.

"எம்மா! எம்மா, என்னாச்சு? எம்மா!" மரத்துக்குள்ளருந்து சுபா கத்துதா. காக்கா படபடன்னு பறக்கு. பெட்டியில பேசவும் செய்யும்னு போட்டிருந்தான், நான் மைக்கைத்தான் நெனைச்சுக்கிட்டு இருந்தேன், அவ பக்கத்துப் பேச்சை நெனைக்கல. லைட்டு நீலமானதும் மீட்டிங்லயே அவ போன்ல படம் வந்திருக்கும் போல. "எம்மா, பேசு!" வாயைத் தொறந்தேன், வரல. பாரு கூத்தை, மூச்சு அதுவாப் பிடிச்சுக்கிச்சு, அன்னைக்கு மாதிரியே கண்ணும் மூடிக்கிச்சு. "எம்மா, ஒன்னைக் கும்பிடுதேன், கையையாவது அசை!" அவ தொண்டை கிழிஞ்சுரும் போல இருந்துச்சு. "கெடக்கேன்டி"ன்னேன். "இங்கதான் கெடக்கேன்." "விழுந்துட்டியா?" "இல்ல." சும்மா சோதிச்சுப் பாத்தேன், கெடந்தாத் தெரியுதான்னு. அதைச் சொல்லியிருந்தாப் போதும், அது பொய்யும் இல்ல, அவ வைவா, நான் சிரிப்பேன், முடிஞ்சிருக்கும். "இப்ப விழல, சுபா. பத்தொம்பது நாளைக்கு முன்ன விழுந்தேன். இதே எடம். மூணு மணி நேரம் கெடந்தேன்." மரத்துக்குள்ள ஒரு கதவு சாத்துற சத்தம் கேட்டுச்சு, மீட்டிங்கை விட்டு வெளிய வந்துட்டா போல. "முள்ளுன்ன?" "முள்ளு இல்ல." "யாரும் வரலையா?" "சங்கையா வந்தான். மூணு தரம் கூப்பிட்டான். நான் பேசல." "ஏம்மா?" சொல்லிட்டேன். சேலை நனைஞ்சிருந்துச்சுன்னு சொல்லிட்டேன், பெத்த மகட்ட, ஒரு வேப்பமரத்தைப் பாத்துக்கிட்டு. அவ அழுதா. சின்ன வயசுல கூட அப்படி அழமாட்டா, கரகரன்னு அந்தப் பெட்டி பூரா அழுகையாக் கெடந்துச்சு. எனக்கும் வந்துச்சு, காதுக்குள்ள எறங்குச்சு கண்ணீரு, படுத்துக்கிட்டு அழுதா அப்படித்தான்.

"ஞாயித்துக்கிழமை வாரேன்"ன்னா. "கூட்டிட்டுப் போகவா?" "தெரியலம்மா. சத்தியமாத் தெரியல." நல்ல பிள்ளை, பொய் சொல்லல. "நான் வரமாட்டேன் சுபா. இந்த எடம் இல்லன்னா நான் செத்துருவேன். ஆனா ஒண்ணு. இனிமே விழுந்தாக் கூப்பிடுவேன். எந்தக் கோலத்துல கெடந்தாலும் கூப்பிடுவேன். யாரு போனாலும் கூப்பிடுவேன்." "நீயா? மாட்ட." "கூப்பிடுவேன்டி." "எங்க, இப்பக் கூப்பிடு பாப்போம். படுத்துக்கிட்டே கூப்பிடு, கேக்கேன்." இவ யாரு எனக்குப் பரீட்சை வைக்கன்னு வந்துச்சு, ஆனா வெளையாட்டுக்குச் சொல்லல அவ. "சுபா"ன்னேன். "கேக்கல." "சுபா!" "எம்மா, இது கேட் வரைக்கும் கூடப் போகாது." நெஞ்சுல இருந்த காத்தையெல்லாம் சேத்து, வெக்கத்தையும் சேத்து, "யாராச்சும் வாங்களேன்!"னு கத்துனேன். எலுமிச்சைக்குள்ளருந்து மயிலு மூணு எந்திரிச்சு ஓடுச்சு, செவலை பதிலுக்குக் கத்துச்சு, என் சத்தமா இதுன்னு எனக்கே ஆச்சரியமாப் போச்சு. கேட்டுக்கு வெளிய ஒரு டிவிஎஸ் சத்தம் சட்டுன்னு நின்னுச்சு. "டீச்சரம்மா? நீங்களா?" முட்டியில கெடந்த சேலையை இழுத்துவிடக் கை போச்சு. அதுக்குள்ள வாய் சொல்லிருச்சு. "நாந்தான் சங்கையா. உள்ள வாப்பா."